படம் முடிந்த பிறகு எழும் பூங்காக்கள்

அனிமேஷன் எனப்படும் இயங்குசித்திரப் படங்களை எடுக்கும் ஸ்டுடியோக்கள் சில, படத்தோடு நில்லாமல் நிலம் வாங்கிப் பொழுதுபோக்குப் பூங்கா அமைப்பது ஏன் என்பது வால்ட் டிஸ்னியின் வரலாற்றை மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். சென்னையில் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவையும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள மாயாஜால் வளாகத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், இத்தகைய பூங்காவைத் தாங்கி நிற்பது தந்திரக் காட்சியா, கதாபாத்திரமா என்ற கேள்வியே எழுகிறது.

டிஸ்னிக்கு விடை நட்டத்தின் வழியாகக் கிடைத்தது. தம் கூடத்தில் உருவான ஆஸ்வால்டு என்னும் முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்ததால் 1928இல் அதை இழந்த அவர், அவ்வாண்டே பிறந்த மிக்கி மவுஸை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்வால்டு டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பியது 2006இல்தான். 1955இல் கலிபோர்னியாவின் அனஹைம் ஊரில், ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த சுமார் 160 ஏக்கரில் டிஸ்னிலேண்டு எழுந்தபோது, ஏபிசி தொலைக்காட்சி அதற்கு முதலீடு தந்ததோடு, டிஸ்னி அத்தொலைக்காட்சிக்கென எடுத்த வாராந்தர நிகழ்ச்சியின் வழியாக வரவிருக்கும் பூங்காவுக்கு விளம்பரமும் தேடித் தந்தது. அடுத்த பூங்காவுக்கெனப் புளோரிடாவில் வாங்கியது 27,000 ஏக்கருக்கும் மேல். நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென ஒதுக்கப்பட்ட சுமார் 2,500 ஏக்கர் பரப்பை அறிந்த நெல்லை வாசகர்கள், அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். வாங்குபவர் யாரென்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் கேள்விப்படாத சிறு நிறுவனங்களின் பெயரில் அந்த நிலம் வாங்கப்பட, 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ நாளிதழ் ஒன்று குட்டை உடைத்தது.

தென்னிந்தியாவில் இதற்கு இணையான முயற்சியைச் செய்த கொச்சி நவோதயா, அனிமேஷன் கூடம் அன்று. ஆயினும் தந்திரக் காட்சியில் அதற்கிருந்த ஆர்வம் எந்த அனிமேஷன் கூடத்துக்கும் குறைந்ததன்று. நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கி 1984இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகும். அதாவது, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படிமங்களைத் தனிக் கண்ணாடி வழியாகப் பிரித்துக் காட்டி, பொருள்கள் திரையை விட்டு வெளியே நீள்வதுபோல் தோன்றச் செய்யும் முறை. அதில் சிறுவர்கள் அறையின் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுசுவர் வழியாக இறங்கிவரும் பாடல் காட்சி இன்றும் பேசப்படுகிறது. உண்மையில் சிறுவர்கள் எப்போதும் தரைமட்டத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள். எஃகுச் சட்டத்துக்குள் பொருத்தப்பட்ட முழு அறையும் மெல்லச் சுழல, அறையோடு பிணைக்கப்பட்ட கேமராவும் கூடவே சுழன்றதால், திரையில் அறை அசையாதிருக்க நடப்பவர்கள் மட்டும் மேலேறுவதுபோல் தெரிந்தது. மேசையும் நாற்காலியும் உருண்டு விழாதபடி அறைக்குள் இறுகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த அறையை அமைத்த கலை இயக்குநர் கே. சேகரே, அப்பச்சன் 1995இல் தாம்பரம் அருகே சுமார் 120 ஏக்கரில் தொடங்கிய கிஷ்கிந்தாவுக்கும் வடிவமைப்பாளரானார். கண்ணை ஏமாற்றும் படப்பிடிப்புக் கலை, உடலைத் தூக்கிப் போடும் இராட்டினக் கலையாக மாறியது இப்படித்தான். ஆனால் பூங்காவுக்குச் சூட்டப்பட்ட பெயர் குட்டிச்சாத்தானுடையதன்று, இராமாயணத்து வானர நாட்டினுடையது. வந்தவர்கள் நீர்ச்சறுக்கையும் செயற்கை அலையையும் தேடி வந்தார்களே அன்றி, மிக்கியைத் தேடி அனஹைம் செல்வதுபோல் ஒரு பாத்திரத்தைத் தேடி வரவில்லை.

சென்னைப் பென்டாமீடியா கிராபிக்ஸ் உண்மையிலேயே அனிமேஷன் நிறுவனம். வி. சந்திரசேகரன் தொடங்கிய இந்நிறுவனம் 2000இல் வெளியிட்ட 'சிந்துபாத்' படம், நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி அவர் அசைவைக் கணினிக்குள் பதிவுசெய்து சித்திர உருவத்துக்கு ஏற்றும் அசைவுப்பதிவு முறையிலேயே முழுவதும் உருவான முதல் முழுநீளப் படமாகக் குறிப்பிடப்படுகிறது; ஆங்கிலத்தில் எடுத்த 'பாண்டவாஸ்' படமோ தேசிய விருதே பெற்றது. சிந்துபாத், பாண்டவர், அலிபாபா என்று அது தேர்ந்தவை எல்லாம் ஊர்ப்பொதுக் கதைகள். அதில் தவறில்லை, டிஸ்னியின் 1937ஆம் ஆண்டு 'ஸ்னோ ஒயிட்' படமும் பழங்கதைதான், எனினும் கிரிம் சகோதரர்களின் கதையில் பெயரற்றிருந்த ஏழு குள்ளர்களுக்கும் தனித்தனிப் பெயரும் முகமும் தந்து அவர்களை அந்த ஸ்டுடியோ தன்னுடையவர்களாக்கிக்கொண்டது. பென்டாமீடியாவிடம் தொழில்நுட்பம் முன்னே ஓடியது, முகங்கள் பின்தங்கின. கானத்தூரில் அந்நிறுவனம் எழுப்பிய மாயாஜால் பொழுதுபோக்கு வளாகத்தின் முதன்மை அடையாளம், பிறர் எடுத்த படங்களைப் பத்துக்கும் மேற்பட்ட திரைகளில் காட்டும் திரையரங்குகளாகவே நிலைத்துவிட்டது.