இனம் தாண்டும் கடல் நோய்

1988-ஆம் ஆண்டு ஏப்ரலில், டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவில் துறைமுகக் கடல்நாய்கள் குறைமாதக் குட்டிகளை ஈன்றன. பின்னர் வளர்ந்தவையும் மூச்சுத் திணறி மாண்டன. வடகடற் கரைகளில் பரவிய இந்நோய்க்குச் சுமார் 23,000 கடல்நாய்கள் பலியாயின. 2002-இல் அதே தீவில் மீண்டும் தோன்றி, ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கொண்டது.

இதற்குக் காரணம் கடல்நாய் டிஸ்டெம்பர் வைரஸ். மனிதரின் தட்டம்மை, மாடுகளின் வெக்கை நோய் ஆகியவற்றின் கிருமிகள் இதற்கு உறவினவே. மூச்சுக்காற்றின் வழியே தொற்றி, நுரையீரலைத் தாக்கி, உடலின் எதிர்ப்பாற்றலையும் இது ஒடுக்குகிறது.

இக்கிருமி வந்த வழி யாது? ஆர்க்டிக் பகுதியின் ஹார்ப் கடல்நாய்களில் இது முன்பே இருந்தது. 1987-இல் அவை பெருந்திரளாக வடகடலுக்கு வந்தன. அவையே இதைக் கொணர்ந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சாம்பல்நிறக் கடல்நாய்கள் நோயுற்றாலும் பெரும்பாலும் பிழைக்கின்றன. நெடுந்தூரம் நீந்தும் அவை கரைக்குக் கரை கிருமியைச் சுமந்திருக்கலாம். ஓரினத்திற்குப் பழகிய கிருமி மற்றோரினத்திற்குக் கூற்றாகிறது.

2004-இல் அலாஸ்காவின் கடல் நீர்நாய்களிலும் இது கண்டறியப்பட்டது. ஆர்க்டிக் பனி உருகித் திறந்த நீர்வழிகளே இப்பரவலுக்குத் துணைபுரிந்திருக்கலாம் என 2019-இல் வெளியான ஆய்வு கூறியது.

வெக்கை நோய் தடுப்பூசியாலும் கண்காணிப்பாலும் 2011-இல் உலகினின்று ஒழிக்கப்பட்டது. கடலில் திரியும் விலங்குகள் அனைத்திற்கும் ஊசியிடல் இயலாது. ஆகவே, கரையொதுங்கும் ஒவ்வோர் உடலையும் உடனே சோதித்து, செய்தியை அண்டை நாடுகளுக்கு அறிவித்தலே முதற்பணியாகும். கிருமிக்கு எல்லைகளில்லை, கண்காணிப்புக்கும் அவை இருத்தலாகாது.