குறட்டைதானே என்று விட்டுவிடலாமா? ஸ்லீப் ஆப்னியாவுக்கு என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன?

எங்கள் வீட்டில் அப்பாவின் குறட்டை பல வருட ஜோக். "உங்கப்பா லாரியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு" என்று அம்மா சொல்வார், எல்லோரும் சிரிப்போம். ஒருநாள் அம்மா சிரிக்காமல் சொன்னார்: "சத்தம் வந்துட்டே இருந்தா நிம்மதிடி. திடீர்னு நின்னு போகும் பாரு, அப்பதான் பயம். மறுபடி மூச்சு வர்ற வரைக்கும் முழிச்சுட்டே படுத்திருப்பேன்."

சில வாரங்கள் கழித்து, சிக்னலில் வண்டியை நிறுத்திய அப்பா உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார். பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துத்தான் முழித்தார். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். பரிசோதனை முடிவில் வந்த பெயர், ஸ்லீப் ஆப்னியா.

"ராத்திரி முழுக்க மாஸ்க் போடணுமா? ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா? எடையைக் குறைச்சா போதுமா?" அன்றைக்கு எங்களுக்கு இருந்த இதே கேள்விகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தூக்கத்தில் என்னதான் நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். நாக்கு பின்னால் சரியும். மூச்சுப்பாதை குறுகி, காற்று உரசிக்கொண்டு போகும் சத்தம்தான் குறட்டை. பாதை முழுசாக அடைத்துக்கொண்டு 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் அது ஆப்னியா.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அலாரம் அடித்து உங்களை எழுப்பும். ஒரு திணறலோடு மூச்சு திரும்பும், மறுபடி தூங்கிவிடுவீர்கள். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. ஒரு மணி நேரத்தில் இது 20, 30 முறை நடந்தால் 8 மணி நேரம் படுத்தும் பயனில்லை. காலையில் தலைவலி, வாய் வறட்சி, ராத்திரி அடிக்கடி சிறுநீர், பகலில் மீட்டிங்கில் கண் சொருகுவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

கண்டுகொள்ளாமல் விட்டால் உயர் ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடுகிறது. வண்டி ஓட்டும்போது தூங்கிவிடும் ஆபத்து தனி. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது, அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்கள் குறிப்பிட்டதும் இந்தப் பிரச்னையைத்தான்.

'குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்?'

அதிக எடை முக்கியமான காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. தாடை சிறியதாக, உள்வாங்கி இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். பெரிய டான்சில், மூக்கடைப்பு, குடும்ப வரலாறு எல்லாம் சேரும். பெண்களுக்கு மெனோபாஸுக்குப் பிறகு ஆபத்து கூடுகிறது.

30 முதல் 69 வயதுக்குள் உலகம் முழுக்க சுமார் 93.6 கோடிப் பேருக்கு இந்தப் பிரச்னை இருக்கலாம் என்று 2019-ல் 'தி லான்செட் ரெஸ்பிரேட்டரி மெடிசின்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இந்தியாவில் சுமார் 10.4 கோடி என்பது டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீடு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நுரையீரல் மருத்துவர் அல்லது காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போகலாம். அவர் 'ஸ்லீப் ஸ்டடி' எழுதித் தருவார். ஓர் இரவு மருத்துவமனையில் தங்கி, உடம்பில் சென்சார்களோடு தூங்க வேண்டும். மூளை அலைகள், மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாம் பதிவாகும். சிலருக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பரிசோதனை போதும்.

ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதுதான் அது. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் தீவிரம்.

"என் ஸ்மார்ட் வாட்ச் சொல்லுதே?" சாம்சங், ஆப்பிள் வாட்ச்களின் ஸ்லீப் ஆப்னியா வசதிக்கு 2024-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதி தந்தது உண்மைதான். ஆனால் வாட்ச் எச்சரிக்கத்தான் செய்யும். அது ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக உங்களுக்குப் பிரச்னை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

சிகிச்சை 1: சிபேப் இயந்திரம்

நடுத்தர, தீவிர நிலைகளுக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். 1980-ல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன், வாக்வம் கிளீனர் மோட்டாரை வைத்து இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். 5 நோயாளிகளிடம் பயன்படுத்திய முடிவுகள் 1981-ல் 'தி லான்செட்'டில் வெளியாகின. அதற்கு முன்பு, தீவிரமான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் முக்கிய வழியாக இருந்தது.

இது ஆக்சிஜன் சிலிண்டரோ வென்டிலேட்டரோ இல்லை. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றையே லேசான அழுத்தத்தில் அனுப்பி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. மூக்குக்கண்ணாடி மாதிரிதான். போட்டிருக்கும் வரை வேலை செய்யும், கழற்றினால் பழைய நிலைதான்.

சிக்கல் என்னவென்றால், பலர் சில வாரங்களிலேயே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். காற்று கசிந்தால் மாஸ்க் அளவை மாற்றலாம். மூக்கு வறண்டால் ஹியூமிடிஃபையர் இருக்கிறது. முகம் முழுக்க மூடினால் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு, மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் உண்டு. கரன்ட் போனால்? இயந்திரம் நின்றாலும் மாஸ்க்கில் காற்று போகத் துளைகள் இருக்கும். மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

எத்தனை மணி நேரம் போடுகிறோம் என்பது முக்கியம். இதயம் அல்லது மூளை ரத்தநாள நோய் உள்ள 2,717 பேரிடம் நடந்த 'சேவ்' என்ற ஆய்வு 2016-ல் வெளியானது. சிபேப் பயன்படுத்தியவர்களுக்குக் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. அவர்கள் மாஸ்க் போட்டிருந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். போதிய நேரம் பயன்படுத்தாதது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது.

விலை பல பத்தாயிரங்களில் வரும். அதனால் முதலில் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பாருங்கள். 'செகண்ட் ஹேண்ட்' வாங்கும் முன் மாடலைச் சரிபாருங்கள். உள்ளே இருந்த ஒலித்தடுப்பு ஃபோம் சிதையலாம் என்பதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது.

சிகிச்சை 2: வாயில் மாட்டும் கருவி

கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பிடிக்கும் இது, பார்க்க விளையாட்டு வீரர்களின் மவுத் கார்டு மாதிரி இருக்கும். பல் மருத்துவர் உங்கள் பல் அளவெடுத்துச் செய்து தருவார். லேசான, நடுத்தர நிலைக்கும், சிபேப் ஒத்துவராதவர்களுக்கும் நல்ல மாற்று. தாடை வலி, நாளடைவில் பல் வரிசை நகர்வது போன்ற சிக்கல்கள் வரலாம். ஆன்லைனில் கிடைக்கும் 'எல்லோருக்கும் ஒரே சைஸ்' ரகத்தை நம்பிவிடாதீர்கள்.

சிகிச்சை 3: எடைக் குறைப்பும், புதிய ஊசியும்

எடையில் 10 சதவிகிதம் குறைந்தால் ஏ.ஹெச்.ஐ சுமார் 26 சதவிகிதம் குறையும் என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்டகால ஆய்வு 2000-ல் சொன்னது. 80 கிலோ இருப்பவருக்கு அது 8 கிலோ.

இப்போது பேசப்படுவது டிர்செபடைடு ஊசி. உடல் பருமனோடு நடுத்தர, தீவிர ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கு எஃப்.டி.ஏ 2024 டிசம்பரில் இதை அனுமதித்தது. இந்தப் பிரச்னைக்கென அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து இது. ஒரு வருட ஆய்வில் மணிக்கு 25 முதல் 29 வரை மூச்சுத்தடைகள் குறைந்தன. மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது சுமார் 5 மட்டுமே. இந்தியாவில் 2025 மார்ச்சில் 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் விற்பனைக்கு வந்தது. வாந்தி, வயிற்றுக் கோளாறு போன்ற பக்க விளைவுகள் உண்டு. மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. ஒல்லியாக இருப்பவர்களுக்கு இது தீர்வும் அல்ல.

சிகிச்சை 4: அறுவை சிகிச்சை

குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டை அகற்றுவதே பெரும்பாலும் முதல் சிகிச்சை. பெரியவர்களுக்கு நிலைமை வேறு. தொண்டையின் மென்பகுதியைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை எல்லோருக்கும் ஒரே பலன் தராது. இரு தாடைகளையும் முன்னால் நகர்த்தும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும், ஆனால் அது பெரிய ஆபரேஷன்.

நாக்கை அசைக்கும் நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சுப் பகுதியில் பொருத்தும் முறைக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிபேப் முடியாத, தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு மட்டும் இது. செலவும் மிக அதிகம்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு அடைப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே உதவும். தூங்கும் முன் மது வேண்டாம், அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். 'தூக்கம் சரியில்ல' என்று நீங்களாகத் தூக்க மாத்திரை போடுவதும் ஆபத்து. ரீல்ஸில் வரும் வாய் ஒட்டும் டேப், மூக்கு கிளிப் எல்லாம் இதற்குச் சிகிச்சை ஆகாது. மூக்கு அடைத்திருப்பவர் வாயையும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயம். மூளையே மூச்சுக்கான சிக்னலை அனுப்பத் தவறும் 'சென்ட்ரல்' வகை ஒன்றும் உண்டு. அதற்குச் சிகிச்சை வேறு. அதனால்தான் பரிசோதனை செய்யாமல் கருவி வாங்கக் கூடாது.

அப்பா என்ன ஆனார்?

முதல் மாதம் மாஸ்க்கைப் பாதி ராத்திரியில் கழற்றிப் போட்டார். "இதைப் போட்டா பைலட் மாதிரி இருக்கு, தூக்கம் மட்டும் வரல" என்றார். இரண்டு முறை மாஸ்க் மாற்றிய பிறகுதான் செட் ஆனது. இப்போது விடியும் வரை போட்டிருக்கிறார். சிக்னலில் தூங்குவதில்லை.

உங்கள் அப்பாவோ, ரூம்மேட்டோ குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுவதைப் பார்த்தால், சிரித்துவிட்டுத் திரும்பிப் படுக்காதீர்கள். போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து, அவரிடமும் மருத்துவரிடமும் காட்டுங்கள். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அது அம்மாவுக்குப் பல வருடங்களாகத் தெரிந்திருக்கிறது, நாங்கள்தான் கேட்கவில்லை. இப்போது அம்மாவும் ராத்திரி தூங்குகிறார்.