பேரன், பேத்தி, இனிஷியல்

'பேரன்' என்ற சொல்லுக்குள் 'பெயரன்' இருக்கிறான்: பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். குழந்தை பிறக்கும் முன்பே அதற்கான இருக்கை மொழிக்குள் போடப்பட்டுவிடுகிறது. கிரேக்கத்திலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் வைப்பது மரபு. அஷ்கெனாசி யூதர்களோ உயிரோடிருக்கும் உறவினர் பெயரை வைப்பதில்லை. இறந்தவர் பெயரையே தருகிறார்கள். ஆக, பெயரிடுதல் வெறும் ரசனை சார்ந்த காரியமல்ல. யார் யாருக்கு உரியவர் என்பதை எழுதிவைக்கும் காரியம் அது.

எங்கள் ஐயம்பேட்டைப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் முன் தலைமுறைவரை ஏகாம்பரம், வரதராஜன், காமாட்சி என்று காஞ்சிக் கோயில்களே பேராக நடமாடின. தாத்தா ஏகாம்பரம் என்றால் பேரனும் ஏகாம்பரம். சிக்கல் அங்கேதான். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பெத்தவ தன் பிள்ளையை 'ராஜா', 'தம்பி'ன்னுதான் கூப்பிடணும். பெற்றது தாய், பெயர் தந்தைவழியுடையது, உச்சரிக்கத் தடை தாய்க்கு. 'மரியாதை' என்று நாம் அழைப்பதன் கட்டமைப்பு இது.

சாதியும் பெயர் வழியாகவே பேசியது. பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும், சூத்திரன் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி (2:31). தலித் ஒருவர் முனுசாமி என்று பேர் வைத்துக்கொண்டாலும் ஊர்த்தெருவுக்கு அவர் 'முனியா'தான். அந்தச் 'சாமி'யை வெட்டிக் கூப்பிடுவதில் ஒரு நுண் அதிகாரம் இயங்கியது.

இதை எதிர்கொண்டதுதான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு. ஐயம்பேட்டையும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். சாதிப் பட்டங்களை விடச் சொன்ன அதே மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமையும் கேட்டது. பின்னர் இராமையா அன்பழகன் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். பெயரின் வாலில் தொங்கிய சாதி உதிர்ந்தது. ஆனால் தலையில் உட்கார்ந்த அப்பா? அவர் இனிஷியலாக அப்படியே இருந்துவிட்டார். 2021 டிசம்பரில் தமிழக அரசு இனிஷியலைத் தமிழில் எழுதச் சொன்னது. எழுத்து மாறியது, எழுத்துக்கு உரியவர் மாறவில்லை.

ஐஸ்லாந்திலும் நம்மைப்போலவே பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரோடு மகன், மகள் என்று சேர்ப்பார்கள். அங்கே தாயின் பெயரையும் அப்படிச் சேர்க்கலாம். இந்தியாவில் மணமாகாத தாய், தந்தை யாரென்று சொல்லாமலே குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்று உச்சநீதிமன்றம் சொன்னதே 2015இல்தான்.

பெண்குழந்தைக்கோ பெயரே தண்டனையாவதுண்டு. இங்கே 'போதும்பொண்ணு', 'வேண்டாம்'. மராட்டியத்தில் 'நகுசா', அதாவது வேண்டாதவள். 2011இல் சதாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் பெற்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு அரசு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள்.

இன்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு 'ஷ்'ஷிலும் 'ஜ்'ஜிலும் பேர்கள். தாத்தாவிடமிருந்து விடுதலை என்று தோன்றலாம். எந்த எழுத்தில் தொடங்கணும், கூட்டுத்தொகை எவ்வளவு வரணும்னு ஜோசியர் சொல்லிவிடுகிறார். அதிகாரம் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புதுப்பேர் தேடும் தோழர்கள் அந்தப் பேருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அங்கே அம்மாவுக்கும் இடம் கிடைக்காதவரை செங்கல்பட்டுத் தீர்மானம் பாதிதான் நிறைவேறியிருக்கிறது.