காப்பார் முக்கோணமும் ஹாட்ஜ் கணிதமும்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே போனால் காப்பார். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் மேரு. மேருவிலிருந்து தெற்கே இறங்கினால் மறுபடியும் கிள்ளான். இந்த முக்கோணத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கிள்ளானிலிருந்து காப்பாருக்கு 50 லோரிகள், காப்பாரிலிருந்து மேருவுக்கு 30, மேருவிலிருந்து கிள்ளானுக்கு 40 ஓடுவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

காப்பாரில் நின்று எண்ணுகிறவருக்கு 50 வந்ததும் 30 போனதும் தெரியும். 20 லோரிகள் ஊரில் தங்கிவிட்டன என்று எழுதுவார். அது சரிதான், ஆனால் பாதிக் கதை. மூன்று சாலைகளையும் ஒருசேரக் கூட்டினால் 120. மூன்றால் வகுத்தால் 40. அதாவது ஒவ்வொரு சாலையிலும் 40 லோரிகள் அளவுக்கு ஓட்டம் சும்மா சுற்றிச் சுற்றி வருகிறது. அதைக் கழித்தால் (30-இலிருந்து 40 போனால் எதிர்த்திசையில் பத்து) கிள்ளானிலிருந்து பத்தும் மேருவிலிருந்து பத்தும் காப்பாருக்கு வருவது மட்டுமே மிஞ்சும். நெரிசலின் பெரும்பகுதி அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. ஊர்க்கணக்கில் அது தலைகாட்டவே இல்லை.

இந்தப் பிரிப்பைச் செய்து தரும் கணிதச் செயலிக்கு ஹாட்ஜ் லாப்லாசியன் என்று பெயர்.

இதன் வேர் மின்சாரத்தில் இருக்கிறது. மின்சுற்றின் சந்திகளையும் வளையங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பதை 1847-இல் இயற்பியலாளர் கிர்ச்சாஃப் காட்டிவிட்டார். 1930-களில் வில்லியம் ஹாட்ஜ் அதே எண்ணத்தை உயர்பரிமாண வடிவியலில் வளர்த்தார். புள்ளி, கோடு, முக்கோணம் எனக் கட்டிய வலையமைப்புகளுக்கு அதைக் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்தின் பெனோ எக்மன்.

இன்று கணினி தரவிலிருந்து கற்றுக்கொள்ள இது உதவுகிறது. இந்தியப் பெருங்கடலில் மிதவைகள் சென்ற தடங்களை 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்கொண்டது. கடலை முக்கோணங்களாக்கி, மடகாஸ்கர் தீவை ஓட்டையாக விட்டார்கள். எந்த மிதவை தீவின் எந்தப் பக்கமாகப் போனது என்பதை அந்த ஓட்டையே பிரித்துக் காட்டியது. சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் அரீஜித் சமல் குழு, இதே லாப்லாசியனிலிருந்து ராபின் ஃபோர்மன் வருவித்த வளைவு அளவையை வலையமைப்புகளுக்குப் பயன்படுத்தியது. பங்குச்சந்தையின் நிலையாமையை அளக்கவும் அது பயன்பட்டிருக்கிறது.

எது நிரம்பிய முக்கோணம், எது ஓட்டை என்பதைப் பொறுத்தே இந்தக் கணக்கு அமைவதால், தரவு சேகரிப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. மூவர் ஒரே மேசையில் கூடிப் பேசுவதும், இருவர் இருவராக மூன்று முறை பேசுவதும் ஒன்றல்ல. கூட்டத்தைக் கூட்டமாகவே பதிவு செய்யுங்கள். இருவர் இருவராகப் பிரித்து எழுதிவிட்டால், பிறகு எந்தச் செயலியாலும் அதை உறுதியாக மீட்க முடியாது.