ரிமோட்டைக் கீழே வைக்க விடாத படங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் ஹாலிவுட் ஆக்‌ஷன் படம் பார்ப்பவரின் கட்டைவிரல் ரிமோட்டின் சத்தப் பொத்தானை விட்டு நகர்வதில்லை. திரையில் இரண்டு பேர் தணிந்த குரலில் சதி பேசுகிறார்கள். 18-ல் இருந்த சத்தம் 35-க்கு ஏறுகிறது. அடுத்த காட்சியில் பாலம் வெடிக்கிறது, உள்ளறையில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது. 35 சட்டென்று 12-க்கு இறங்குகிறது. பிறகு கதாநாயகன் ஏதோ சொல்கிறான், அது யார் காதிலும் விழுவதில்லை. இரண்டரை மணி நேரம் இப்படிப் போராடிவிட்டு, “இதுக்கா இவ்வளவு பேச்சு?” என்று டிவியை அணைப்பவரின் ஏமாற்றத்தில் பாதிக்கு வீடு காரணம். மீதிப் பாதிக்குப் படம்தான் காரணம்.

முதலில் வீட்டின் பங்கு. பெரிய படங்களின் ஒலிக்கலவை அரங்கை மனத்தில் வைத்துச் செய்யப்படுவது. அங்கே திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலித்தடமும் 105 டெசிபல் வரை எழலாம் என்பது அளவுகோல். கிசுகிசுப்புக்கும் வெடிக்கும் நடுவே இருக்கும் அந்த நீண்ட தூரம்தான் அரங்கில் நெஞ்சை அதிர வைக்கிறது. வீட்டிலோ, மின்விசிறியும் தெருவில் போகும் வண்டியும் கிசுகிசுப்பை விழுங்கிவிடுகின்றன. வெடிச்சத்தத்தைப் பக்கத்து வீட்டார் பொறுப்பதில்லை. போதாக்குறைக்கு இன்றைய டிவி விரல் தடிமனுக்கு மெலிந்துவிட்டது. ஸ்பீக்கரை முன்னால் வைக்க இடமில்லாமல் அடியிலோ முதுகிலோ ஒளித்துவைக்கிறார்கள். அதிலிருந்து வரும் வசனம் தரையிலும் சுவரிலும் மோதிவிட்டுத்தான் காதுக்கு வந்து சேர்கிறது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஆறு தடங்கள் கொண்ட 5.1 ஒலியில் வசனத்துக்கென்றே நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. டிவியில் இருப்பதோ பெரும்பாலும் இரண்டுதான். ஆறு தடங்களையும் இரண்டுக்குள் திணிக்கும்போது, தனிவீட்டில் இருந்த வசனம் இசையோடும் இரைச்சலோடும் ஒண்டுக்குடித்தனம் இருக்க வேண்டியதாகிறது.

சில இயக்குநர்கள் தெரிந்தே செய்வதும் இதில் உண்டு. கிறிஸ்டோபர் நோலனின் ‘இன்டர்ஸ்டெல்லர்’ 2014-ல் வந்தபோது, வசனம் கேட்கவில்லை என்ற புகார் தாங்காமல், எங்கள் கருவிகளில் பழுதில்லை, இயக்குநர் விரும்பிய ஒலியே இதுதான் என்ற பொருளில் அமெரிக்கத் திரையரங்கு ஒன்று அறிவிப்பே ஒட்டியது. 2020-ல் ‘டெனட்’ வந்தபோதும் அதே புகார். அரங்கிலேயே இந்தக் கதி என்றால் வரவேற்பறையில் என்ன மிஞ்சும்? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பார்க்கும் வழக்கம் பரவியதில் வியப்பில்லை. டிவியிலோ சவுண்ட்பாரிலோ ‘நைட் மோட்’ இருந்தால் அது பெரிய சத்தத்தைத் தணித்துச் சிறியதைத் தூக்கும். அமேசான் பிரைம் வீடியோ 2023-ல் வசனத்தை மட்டும் உயர்த்தும் வசதியைச் சேர்த்தது. இவை வலி மாத்திரை மாதிரிதான், ஆனால் ஓரளவு கேட்கும்.

படம் இருட்டாக இருக்கிறது என்பது அடுத்த மனக்குறை. அரங்கத் திரையின் வெளிச்சம் உண்மையில் குறைவு: அளவுகோல் சுமார் 48 நிட்ஸ். வீட்டு டிவி அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் அரங்கில் சுற்றிலும் கும்மிருட்டு. வீட்டில் ட்யூப்லைட் எரிகிறது, அதன் வெள்ளைக் கோடு திரையின் கறுப்பில் குறுக்கே கிடக்கிறது, கறுப்பு சாம்பலாகிறது. அந்தக் கறுப்புக்குள் ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய முகம் காணாமல் போகிறது. இணையத்தில் வரும் படம் சுருக்கப்பட்டு வருவதால், இருண்ட காட்சிகளில் புகையும் நிழலும் கட்டம் கட்டமாக உடைவதும் உண்டு. 2019-ல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் பெரும்போர் அத்தியாயத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று உலகம் முழுக்கக் குமுறினார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், பலருக்கு டிவியைச் சரியாக அமைக்கத் தெரியவில்லை, அறையை இருட்டாக்கிப் பார்க்க வேண்டும் என்ற தொனியில் பதில் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் வீட்டில் பார்ப்பதற்கென்றே எடுத்த தொடருக்கு அது நல்ல பதிலில்லை.

பல கோடியில் எடுத்த படம் மாலை நேர சீரியல் போலத் தெரிகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் டிவியில் உள்ள அசைவுச் சீராக்கம். நொடிக்கு 24 சட்டகங்களாக எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானே புதிய சட்டகங்களைச் செய்து நுழைத்துவிடுகிறது. அதை அணைத்துவிடுங்கள் என்று கெஞ்ச டாம் குரூஸே 2018-ல் ஒரு வீடியோ வெளியிட்டார். அமைப்புகளில் தேடி அணைத்தால் தீர்ந்தது.

இவ்வளவையும் சரிசெய்து, விளக்கணைத்து, நல்ல சவுண்ட்பாரும் வாங்கி வைத்த பிறகும் ஏமாற்றம் மிஞ்சுகிறது. அங்கேதான் படத்தின் பங்கு தொடங்குகிறது.

2014-ல் வெளியான ‘டேக்கன் 3’ படத்தில் லியாம் நீசன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுவார். ஆறு விநாடிக் காரியம். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள்: கை, கம்பி, கால், முகம், மறுபடி கை. பார்ப்பவருக்கு ஒருவர் வேலி தாண்டினார் என்ற செய்தி கிடைக்கிறது, தாண்டியதைப் பார்த்த உணர்வு கிடைப்பதில்லை. நடிகருக்கு அப்போது அறுபது வயது கடந்துவிட்டது. அதையும் டூப்பையும் மறைக்க வேகமான வெட்டு உதவுகிறது. அமெரிக்காவில் சிறுவர்களும் பார்க்க அனுமதிக்கும் பிஜி-13 சான்றிதழ் வாங்கவும் இது கைகொடுக்கிறது. அடி விழும் கணத்தைக் காட்டாமலே சண்டையை முடித்துவிடலாம்.

திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கெடுத்திருக்கிறார். 1930 முதல் 1960 வரை ஹாலிவுட்டில் ஒரு ஷாட்டின் சராசரி நீளம் 8 முதல் 11 விநாடி. பிறகு அது தேய்ந்துகொண்டே வந்தது; 2007-ல் வந்த ‘தி போர்ன் அல்டிமேட்டம்’ படத்தில் 2 விநாடியை ஒட்டி நின்றது. அரங்கின் அகன்ற திரை கண்ணை முழுக்க நிறைக்கும்போது இந்தப் படபடப்பே ஒரு கிளர்ச்சி. பத்தடி தள்ளி இருக்கும் 43 அங்குலத் திரையில், அதிலும் அகலப்படம் என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து கால்வாசி பரப்பு போய்விட்ட நிலையில், அது வெறும் மினுக்கல்.

வேகம் மட்டுமே குற்றமல்ல. ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015) இரண்டு மணி நேரத்தில் சுமார் 2,700 ஷாட்கள் கொண்டது. ஆனால் எங்கே என்ன நடக்கிறது என்று ஒரு குழந்தையும் சொல்லிவிடும். முக்கியமான விஷயம் எப்போதும் சட்டகத்தின் நடுவில் இருக்க வேண்டும் என்று மில்லர் பிடிவாதமாக இருந்தார்; ஒவ்வொரு வெட்டிலும் கண் அலைந்து தேட வேண்டியதில்லை. எடிட்டர் மார்கரெட் சிக்ஸலுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1988-ல் வந்த ‘டை ஹார்ட்’ வேறு வழியில் இதையே செய்தது. ஒரே கட்டடம், மொட்டை மாடி, லிஃப்ட் குழி, பிணையாளிகள் இருக்கும் தளம் எல்லாம் பார்ப்பவர் மனத்தில் வரைபடமாகப் பதிந்துவிடும். வில்லன் ஒரு கதவைத் திறந்தாலே வயிறு கலங்குவது அதனால்தான்.

கிராஃபிக்ஸ் மீதான அலுப்பும் இந்த வெட்டுக் குழப்பத்தின் உடன்பிறப்பு. 1975-ல் வெளியான ‘ஜாஸ்’ படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிக் கிடந்தது. ஸ்பீல்பெர்க் வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலே பயமுறுத்தினார். 1993-ல் அவருடைய ‘ஜுராசிக் பார்க்’ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் டைனோசர்கள் திரையில் வருவது கால் மணி நேரம்தான். இன்று எதையும் காட்டலாம் என்பதால் எல்லாவற்றையும் காட்டுகிறார்கள். கடைசி அரை மணி நேரம் வானத்தில் ஓட்டை விழுகிறது, நகரம் நொறுங்குகிறது, விழுந்தவன் தூசி தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறான். எடையில்லாத உடல் அடிபட்டால் யாருக்கு வலிக்கும்?

தயாரிப்பு முறையும் இதற்கு ஒரு காரணம். பெரிய சூப்பர்ஹீரோ படங்களில் சண்டைக்காட்சிகள் கணினியில் முன்கூட்டியே வரையப்பட்டுவிடும். அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்ட்டெல் தன்னை ‘பிளாக் விடோ’ படத்துக்காக அணுகியவர்கள், சண்டைக்காட்சிகளை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று சொன்னதாக 2018-ல் வெளிப்படையாகவே கூறினார். கதை ஒருவர் கையில், அடிதடி வேறொருவர் கையில்! எதிர்த்திசையில் போனவர்கள் ஸ்டண்ட் கலைஞர்களே. ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்ட சாட் ஸ்டஹெல்ஸ்கி ‘ஜான் விக்’ (2014) மூலம் இயக்குநரானபோது, கேமராவைப் பின்னுக்கு நகர்த்தி முழு உடலும் தெரிய, நீண்ட ஷாட்களில் சண்டையைக் காட்டினார்.

சின்னத் திரை இதற்கெல்லாம் பழைய சாட்சி. எண்பதுகளின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய கேசட் போட்டு ஜாக்கி சான் படம் பார்த்தவர்கள் ஏராளம். நகலுக்கு நகல் எடுத்து அழுக்கேறிய கேசட், ஒற்றை ஸ்பீக்கர், ஓரம் வெட்டுப்பட்ட படம், புரியாத மொழி. ‘போலீஸ் ஸ்டோரி’யில் (1985) ஜாக்கி சான் வணிக வளாகத்தின் மேல்தளத்திலிருந்து பாய்ந்து, மின்விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துச் சறுக்கிக் கீழே வந்து விழுவார், உள்ளங்கைகள் நிஜமாகவே பொசுங்கின. அந்தப் பாய்ச்சலை வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். அந்த அழுக்குக் கேசட்டிலும் அது ஒன்றுவிடாமல் தெரிந்தது.