உதவித்தொகையை ஜப்தி செய்ய முடியுமா?

அமெரிக்காவில் உடல் முடங்கி வேலை இழந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையிலிருந்து, மருத்துவமனைக் கடனுக்காக ஒரு டாலரைக்கூட வசூல் நிறுவனங்கள் பறிக்க முடியாது. சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் மிரட்டும் கடிதங்களுக்கும் ஓயாத தொலைபேசி அழைப்புகளுக்கும் பயந்து, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வைத்த பணத்தை எடுத்துக் கட்டுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கடன் எப்படிச் சேர்கிறது?

உதவித்தொகை இரண்டு வகை. உழைத்த காலத்தில் சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தியவர்களுக்கு எஸ்.எஸ்.டி.ஐ.; வருமானமும் சேமிப்பும் மிகக் குறைந்தவர்களுக்கு எஸ்.எஸ்.ஐ. இரண்டாவதில் தனிநபருக்கு மத்திய அரசு 2025இல் தந்த உச்சத் தொகை மாதம் 967 டாலர். அதைப் பெறுபவர் கையில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருக்கக் கூடாது. இந்த வரம்பு 1989இலிருந்து உயரவே இல்லை.

எஸ்.எஸ்.டி.ஐ. பெறுவோரில் பெரும்பாலோர் முதல் தவணைக்கு ஐந்து மாதமும், அதன்பின் மெடிகேர் காப்பீட்டுக்கு 24 மாதமும் காத்திருக்க வேண்டும். சிகிச்சை அதிகம் தேவைப்படும் காலமும் இதுதான். வேலையோடு நிறுவனம் தந்த காப்பீடும் போய்விட்டால், கடன் ஏறுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

சட்டம் தரும் காப்பு

சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 207ஆம் பிரிவு இந்தத் தொகையை ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. பணம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் காப்பு தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. 2011இல் நடைமுறைக்கு வந்த கருவூலத் துறை விதி இன்னும் ஒரு படி மேலே போனது. ஜப்தி உத்தரவு வந்தால், முந்தைய இரண்டு மாதங்களில் கணக்கில் நேரடியாக வரவான உதவித்தொகையை வங்கியே கணக்கிட்டு விட்டுவைக்க வேண்டும். வாடிக்கையாளர் மனுப்போட வேண்டியதில்லை.

ஓட்டை எங்கே?

உதவித்தொகையைக் காசோலையாக வாங்கிக் கணக்கில் போட்டவருக்கு இந்தத் தானியங்கிக் காப்பு கிடைக்காது. இரண்டு மாதத் தொகைக்கு மேல் இருக்கும் பணமும் முடக்கப்படலாம். அதுவும் உதவித்தொகைதான் என்று கணக்கு வைத்திருப்பவரே நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். சம்மன் வந்தும் ஆஜராகாவிட்டால் தீர்ப்பு ஒருதலையாகப் போய்விடும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் டயாலிசிஸ் நாளில் அழைக்கப்படுபவருக்கும் நீதிமன்றப் படியேறுவது எளிதல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, ஒருவர் பயந்து தானாகக் கட்டும் பணத்தை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. பல மாநிலங்களில் பழைய கடனுக்குச் சிறு தொகை கட்டினாலே காலாவதிக் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

என்ன செய்யலாம்?

வசூல் நிறுவனத்தின் முதல் அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் கடனை மறுத்து எழுதினால், ஆதாரம் காட்டும்வரை அது வசூலை நிறுத்திவைக்க வேண்டும். இனித் தொடர்புகொள்ள வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அழைப்புகள் நிற்க வேண்டும். வழக்குத் தொடரும் உரிமை மட்டும் அதற்கு மிஞ்சும். இந்த இரண்டு உரிமைகளையும் தருவது, கடன் வசூலைக் கட்டுப்படுத்தும் 1977ஆம் ஆண்டுச் சட்டம். வரிவிலக்குப் பெற்ற லாபநோக்கற்ற மருத்துவமனைகள் ஏழைகளுக்குக் கட்டண உதவித் திட்டம் வைத்திருப்பது கட்டாயம். முதல் பில் வந்ததிலிருந்து 240 நாள்வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். சம்மன் வந்தால் எக்காரணம் கொண்டும் பதில் தராமல் விடக் கூடாது. வருமானம் முழுவதும் உதவித்தொகைதான் என்பதை அந்தப் பதிலிலேயே எழுத வேண்டும். இலவசச் சட்ட உதவி மையங்கள் இதற்குத் துணை நிற்கும்.

இந்த உரிமைகளில் பெரும்பாலானவை, அறிந்து கேட்பவருக்கே பயன்படுகின்றன. படுக்கையில் கிடப்பவர்தான் சட்டம் படித்து, மனு எழுதி, கெடு பார்க்க வேண்டும் என்பது நியாயமல்ல. 2011ஆம் ஆண்டு விதி பொறுப்பை நோயாளியிடமிருந்து எடுத்து வங்கியிடம் கொடுத்தது. அதே கடமை மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் வர வேண்டும். எதிராளியின் வருமானம் உதவித்தொகை மட்டும்தானா என்று விசாரிக்காமல் வழக்குப் போடவும் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. அப்போதுதான் 207ஆம் பிரிவு யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்களுக்கு அதன் காப்பு கேட்காமலே கிடைக்கும்.