விவசாயக் கூலியும் சர்க்கார் விதிக்கும் குறைந்த வரம்பும்

கூலியாட்களுக்குக் கொடுக்கவேண்டிய குறைந்த கூலி இவ்வளவு என்று சர்க்கார் நிர்ணயிப்பது தகுமா என்னும் கேள்வியைப் பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் நிலம் வைத்திருப்போர் அடிக்கடி எழுப்புவர். ஆலைகளுக்கு அத்தகைய விதி இருப்பதில் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. மழை பொய்த்து ஏரியும் வற்றினால் விளைவே இல்லாத ஒரு தொழிலில், செலவை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்வது எங்ஙனம் என்பதே அவர்களுடைய வாதம். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று.

எனினும், கூலி என்பது கொடுப்பவரும் வாங்குபவரும் மனமொத்துப் பேசி முடிக்கும் விலையே, அதில் மூன்றாமவர் தலையிடலாகாது என்று சிலர் கூறுவதை இந்த ஜில்லாவின் பழைய வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை. இப்பகுதிகள் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில் வயல் வேலை பெரும்பாலும் படியாட்களால் நடந்தது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடனுக்காக ஓர் ஆள் ஆயுள் முழுவதும் ஒரே மிராசுதாரிடம் கட்டுண்டு கிடப்பான். அவன் மகனும் அக்கடனையே சுமப்பான். அப்போது அந்த ஜில்லாவில் கலெக்டராயிருந்த ட்ரெமென்ஹீர் இந்நிலையை விரிவாக எழுதிச் சர்க்காருக்கு அறிக்கை செய்தார். அதன் பயனாகத் தாழ்த்தப்பட்டோருக்குத் தரிசு நிலம் அளிக்கும் உத்தரவு 1892இல் பிறந்தது. வேறிடம் போக வழியில்லாதவனோடு பேசிய கூலியை ஒப்பந்தம் என்று சொல்வது பெயரளவில்தான். கொத்தடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1976இல் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் உசிதம்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் நிறைவேறியது. ஆலைத் தொழில்களை அட்டவணையின் ஒரு பகுதியிலும் விவசாயத்தைத் தனியே மற்றொரு பகுதியிலும் அது சேர்த்தது. கூலியை நிர்ணயிக்க இரண்டு வழிகள் வகுக்கப்பட்டன. முதலாவது, முதலாளிகளும் தொழிலாளிகளும் சம எண்ணிக்கையில் அமர்ந்த கமிட்டியின் யோசனையைக் கேட்பது. இரண்டாவது, உத்தேச விகிதத்தைக் கெஜட்டில் பிரசுரித்து ஆட்சேபணைகளை வரவழைப்பது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத இடைவெளியில் விகிதங்களை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்பதும் விதி. விவசாயத்துக்கு விகிதம் நிர்ணயிக்கக் கொடுத்திருந்த கெடு மட்டும் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. வயலுக்குச் சட்டம் கொண்டுவருவது ஆலைக்குக் கொண்டுவருவதுபோல் எளிதன்று என்பதைச் சர்க்காரும் அறிந்தே இருந்தது.

தாமதத்தின் விலை தஞ்சையில் தெரிந்தது. அங்கே 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் அறுவடைக் கூலித் தகராறுகள் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் தீக்கிரையாயினர். அந்தப் பூசலின் அடியில் இருந்தது நெல்லளவையில் கேட்ட ஒரு சிறு கூலி உயர்வு. அதன்பின் கணபதியா பிள்ளை விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. எல்லோரும் முன்னரே அறிந்த ஒரு விகிதம் இருந்து, அதை நடத்தி வைக்க அதிகாரியும் இருந்திருப்பின், ஒவ்வோர் அறுப்பிலும் களத்துமேட்டில் பலப்பரீட்சை நேர்ந்திராது.

நிலக்காரரின் வாதத்துக்கு விடை தேடுவோர் இங்கிலாந்தின் அனுபவத்தை அறிதல் நலம். யுத்த காலத்தில், 1917இல், அந்நாடு தானிய உற்பத்திச் சட்டம் ஒன்றை இயற்றியது. கோதுமைக்கும் ஓட்ஸ் தானியத்துக்கும் சர்க்கார் விலை உத்தரவாதம் அளித்தது. அதே சட்டம் பண்ணையாளுக்கு வாரத்துக்கு 25 ஷில்லிங்குக்குக் குறையாத கூலியையும் விதித்தது. யுத்தம் முடிந்து தானிய விலை சரிந்ததும், 1921இல், விலை உத்தரவாதமும் கூலி வரம்பும் ஒருங்கே நீக்கப்பட்டன. கூலி வேகமாக இறங்கியது. 1924இல் கூலிக் கமிட்டிகளை மாவட்டந்தோறும் திரும்ப அமைக்க நேர்ந்தது. விலை உத்தரவாதம் அப்போது திரும்பவில்லை.

நம் நாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. விவசாய விலைக் கமிஷன் 1965இல் ஏற்பட்டது. அதன் கணக்கில் அமர்த்திய ஆட்களுக்குக் கொடுத்த கூலியும், குடும்பத்தார் உழைப்புக்கு மதிப்பிட்ட கூலியும் சேர்கின்றன. 2025-26ஆம் பருவத்தில் சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆதார விலை அறிவிக்கப்பட்டது. ஆனால் இவ்விலை இந்தியா முழுமைக்கும் ஒன்றே; கூலியோ மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். கூலி உயர்ந்த பிரதேசத்தின் உழவர், நாடு தழுவிய சராசரிச் செலவை ஒட்டி அமைந்த விலையில் தம் செலவு முழுவதையும் மீட்க முடிவதில்லை. நிலக்காரருடைய குறை நியாயமாக எழுவது இந்த இடத்தில்தான். குறை கூறவேண்டியது விலைக் கணக்கைக் குறித்தேயன்றிக் களை பறிப்பவளின் கூலியைக் குறித்தன்று.

சென்னைக்கு மேற்கிலுள்ள கிராமங்களின் நிலை இன்னும் வேறு. அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் ஆலையும், ஆவடியில் 1961இல் கனரக வாகன ஆலையும், மீண்டும் அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டையும் தோன்றியபின், நல்ல வலுவுள்ள ஆண்கள் நடவுக்கும் அறுப்புக்கும் காத்திருப்பதை விட்டுவிட்டனர். இங்கே கூலியை உயர்த்தியது பெரும்பாலும் ஆலைச் சங்கேயன்றிக் கெஜட் அன்று. ஆள் கிடைக்காத இடத்தில் சட்ட வரம்பு நடப்புக் கூலிக்குக் கீழே கிடப்பதால், அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆலை வாயிலில் ஏற்கப்படாத வயோதிகர், வீட்டைவிட்டு வெகுதூரம் போகமுடியாத பெண்கள், வெளியூரிலிருந்து வந்து பாஷை தெரியாது திகைப்போர் ஆகியோருக்கே அது உண்மையில் பயன்படுகிறது.

வரம்பை மிக உயரத்தில் வைத்தால் வேலையே குறையும் என்பதையும் மறைக்கலாகாது. இரண்டாங் களையெடுப்பைக் கைவிடுதல், நடவுக்குப் பதில் நேரடி விதைப்பு, அறுவடை இயந்திரம், கடைசியில் மனைப்பிரிவு என்று நிலக்காரருக்குப் பல வழிகள் உண்டு. மறுபுறம், வரம்பை வைத்துவிட்டு மறந்துபோனால் அது வெறும் எழுத்தாகும். தேசிய அடிமட்டக் கூலி என மத்திய சர்க்கார் 1996இல் நாளொன்றுக்கு 35 ரூபாய் குறித்தது. 2017 ஜூனில் அது 176 ரூபாயாயிற்று. பின்னர் பல வருஷம் அங்கேயே நின்றது. அதற்குச் சட்ட பலமும் இல்லாதிருந்தது. விலைவாசிக் குறியீட்டோடு கூலியைப் பிணைப்பதே இரு தரப்புக்கும் திடீர் அதிர்ச்சியைத் தவிர்க்கும்.

வறட்சி நிவாரண வேலைதானே, குறைத்துக் கொடுக்கலாம் என்னும் சமாதானமும் இப்போது செல்லாது. ராஜஸ்தானத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட் 1983இல், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் விலக்கிய கட்டாய உழைப்பே எனத் தீர்ப்பளித்தது. சர்க்காரே வேலை கொடுத்தாலும் விதி ஒன்றுதான்.

1948ஆம் வருஷச் சட்டத்தின் இடத்தில் 2019ஆம் வருஷச் சம்பளச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்தது. மத்திய சர்க்கார் குறிக்கும் அடிமட்டக் கூலிக்குக் கீழே மாகாண சர்க்கார் போகலாகாது. குறைவாக வாங்கியவர் முறையிட முன்பு ஆறு மாதமே கெடு. இப்போது மூன்று வருஷம். ரொக்கம், செக்கு, பாங்குக் கணக்கு ஆகியவற்றின் மூலம் கூலியைச் செலுத்தவேண்டும். விவசாயத்தில் ஐந்து பேருக்கு மேற்படாமல் ஆள் வைப்போர் ரிஜிஸ்தர்கள் வைக்கவேண்டியதில்லை. ஆயினும் அதிகாரி கேட்கும்போது கூலி கொடுத்ததற்குத் தக்க அத்தாட்சி காட்டவேண்டும். தேதி, பெயர், தொகை, கைநாட்டு இவை குறித்த ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் இதற்குக் கைகொடுக்கும்.

உத்தேச விகிதம் கெஜட்டில் பிரசுரமானால் ஆட்சேபணைக்கு இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. கிராம அதிகாரிகள் அதை உடனே சாவடியில் ஒட்டிவைத்து, கூலியாட்கள் வசிக்கும் தெருக்களிலும் படித்துக் காட்டவேண்டும். நிலக்காரர்கள் பொதுவான முறையீட்டை விட, உழவு முதல் போரடிப்பு வரை ஏக்கருக்கு எத்தனை ஆள், என்ன கூலி, எத்தனை மூட்டை, என்ன விலை என்ற கணக்கை அடங்கல் நகலுடன் இணைத்து அக்கெடுவுக்குள் அனுப்புவது பயன் தரும்.